எட்டரை மீட்டர் அலையும் டீக்கடை ரேடியோவும்

மின்சாரம் இல்லாவிட்டால் பேஸ் கிதார் ஏறக்குறைய ஊமை. நான்கு கிலோ கனம், நான்கு தடித்த தந்திகள், வாசிப்பவரின் தோளில் தொங்கும் முழு மரக்கட்டை. எல்லாவற்றிலும் தடித்த தந்தியை ஓங்கி மீட்டினாலும் வாசிப்பவருக்கே ஒரு முனகல்தான் கேட்கும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு அதுவும் இல்லை. அதே தந்தியை ஆம்ப்ளிஃபையரில் இணைத்து மீட்டினால் பந்தல் கால் அதிரும், நெஞ்சுக்கூட்டில் தட்டும்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பாலுசெட்டிசத்திரத்தின் அருகே இருக்கிறது திருப்புட்குழி. நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுவே என்கிறது தலபுராணம். விஜயராகவப் பெருமாள் வீதி புறப்படும்போது நாதஸ்வரமும் தவிலும் எந்த ஒயரும் இல்லாமல் தெருவை நிறைத்துவிடும். இந்த வட்டாரத்து ஊர்களில் திருவிழா இரவுக்கு மெல்லிசைக் குழு வந்தாலோ, ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை பேஸ் கிதார்காரர் காத்திருக்க வேண்டியதுதான். தவிலுக்குச் சாத்தியமானது இந்தத் தந்திக்கு ஏன் முடியவில்லை? மின்சாரம் வந்ததும் அதற்கு என்ன நேர்கிறது? இந்தக் கேள்விகளைப் பின்தொடர்ந்து போனால் லண்டன் ஆய்வுக்கூடத்தையும், சரிகை சுற்றும் பட்டறையையும், கல்கத்தாவில் மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்த சி. வி. ராமனையும் கடந்து, கடைசியில் நம் காதுக்குள்ளேயே வந்து நிற்போம்.

காற்று நழுவும் தந்தி

நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. மற்ற மூன்றும் முறையே 55, 73, 98 ஹெர்ட்ஸ். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் பாடகருக்குப் பின்னால் மீட்டப்படும் தம்புராவின் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். நம் கச்சேரி மேடையின் ஆதாரச் சுருதிக்கும் கீழே, பாதாளத்தில் நடமாடுகிறது பேஸ்.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். அதை 41-ஆல் வகுத்தால் ஓர் அலையின் நீளம் எட்டரை மீட்டர். ஆனால் அந்த அலையை எழுப்ப வேண்டிய தந்தியின் தடிமன் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. அது முன்னே நகரும்போது எதிரே இருக்கும் காற்று அமுங்குவதில்லை. தந்தியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நழுவிவிடுகிறது. அமுக்கமும் தளர்வும் பிறந்த இடத்திலேயே ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. தவிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் தோல் அகலமானது. பின்பக்கக் காற்று முன்பக்கம் ஓடிவர முடியாதபடி நடுவில் மர உருளை அடைத்து நிற்கிறது.

தந்திக்கும் அப்படியொரு அகலமான துணை கொடுத்ததுதான் பழைய வழி. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் டபுள் பேஸில் தந்தியின் அதிர்வைப் பெரிய மரப்பலகை வாங்கிக் காற்றைத் தள்ளுகிறது. சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ஒரு காலத்தில் அடிச்சுரத்துக்கு அதுதான் இருந்தது. 1951-இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் அந்தப் பெரிய வயிற்றை அறுத்தெறிந்தார். கூடு இல்லாத மரக்கட்டை, அதில் நான்கு தந்தி, தந்திக்குக் கீழே ஒரு பிக்கப். காற்றைத் தள்ளும் பொறுப்பை வாத்தியத்திடமிருந்து பிடுங்கி மின்சாரத்திடம் ஒப்படைத்தார். தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம் என்ற வசதி கிடைத்தது. தனியாக ஒலிக்கும் திறன் போனது.

சரிகையைப் போல ஒரு தந்தி

தந்தி தாழ்ந்து ஒலிக்க மூன்று வழிகள் உண்டு: நீளத்தைக் கூட்டலாம், இழுவிசையைக் குறைக்கலாம், எடையைக் கூட்டலாம். நீளத்தைக் கை எட்டும் தூரம் கட்டுப்படுத்துகிறது. வழக்கமான பேஸில் அது 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர். இழுவிசையைத் தளர்த்தினால் தந்தி கொழகொழத்து மரத்தில் மோதும். மிஞ்சுவது எடை. அப்படியானால் தடித்த எஃகுக் கம்பியையே கட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

மீட்டிய தந்தி ஒரே ஓர் அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. 41-உடன் அதன் இரு மடங்கு 82, மும்மடங்கு 123, நான்கு மடங்கு 165 என மேற்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. வாத்தியத்தின் குரல் என்று நாம் அடையாளம் காண்பது இந்தக் கலவையைத்தான். வளைந்து கொடுக்கும் தந்தியில் இவை சரியான முழு எண் மடங்குகளாக அமையும். விறைப்பான கம்பியில் அமையாது. மேலே போகப்போக ஒவ்வொன்றும் தன் இடத்தைவிட்டு ஏறிக்கொண்டே போகும். கம்பியின் விறைப்போ, தடிமன் இரட்டிப்பானால் பதினாறு மடங்காகும். தடித்த ஒற்றைக் கம்பியை மீட்டினால் சுரம் வராது, கடப்பாறையைத் தட்டிய ஓசைதான் வரும்.

எடை வேண்டும், விறைப்பு கூடாது. இதற்கு மெல்லிய எஃகு உள்கம்பியை வைத்து அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றினார்கள். காஞ்சிபுரத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே பட்டு நூல், அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளி இழையின் சுற்று, மேலே பொன்முலாம் என்பதுதான் சரிகை. உலோகத்தின் எடையும் மினுக்கும் இருக்கும். ஆனால் தறியில் நூலாகவே வளையும். பேஸ் தந்தியும் அதே கட்டுமானம்தான். இழுவிசையை உள்கம்பி தாங்குகிறது. வெளிச்சுற்று வெறும் பாரம். தந்தி வளைவதை அது தடுப்பதில்லை.

சுற்றும் கம்பி தட்டையா உருண்டையா என்பதிலும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் பேஸ் தந்திகள் பெரும்பாலும் தட்டைச் சுற்றுதான். விரலுக்கு வழுவழுப்பு, காதுக்கு மழுங்கிய ஒலி. 1960-களின் நடுவில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஜேம்ஸ் ஹவ் நடத்திய ரோட்டோசவுண்ட் நிறுவனமும் தி ஹூ குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து உருண்டைச் சுற்றுத் தந்தியைப் பதம் பார்த்தார்கள். உருண்டைச் சுற்று இன்னும் எளிதாக வளையும். மேற்சுரங்கள் பளிச்சென்று எழும். பியானோவின் கீழ்க்கட்டைகளைப் போல பேஸ் கணீரென்று பேசத் தொடங்கியது அப்போதுதான்.

எடையேற்றிச் சுருதியைத் தாழ்த்தும் உபாயம் நமக்கும் பழையது. கச்சேரிக்குச் சற்று முன் மிருதங்க வித்வான் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புவார். தோலின் இழுவிசை மாறவில்லை, எடை மட்டும் கூடியது. தொப்பி எனப்படும் அந்த இடப்பக்கம் கும்மென்று இறங்கும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்.

காந்தமும் செம்புச் சுருளும்

பிக்கப் என்பது ஒலியைப் பிடிக்கும் கருவி என்றே பலரும் நினைக்கிறார்கள். அதற்குக் காது கேட்காது. அதன் எதிரே நின்று எவ்வளவு உரக்கப் பாடினாலும் அதற்கு ஒன்றுமில்லை. அதற்குத் தெரிவது இரும்பின் அசைவு மட்டும்.

உள்ளே இருப்பது எளிய பொருள்கள். தந்திக்குச் சில மில்லிமீட்டர் கீழே சிறிய காந்தத் துண்டுகள்; அவற்றைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. இந்தக் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர். காந்தத்தின் அருகே இருப்பதால் எஃகுத் தந்தியும் கொஞ்சம் காந்தமாகிறது. அது அசையும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. தந்தி நொடிக்கு 41 முறை ஆடினால் மின்னழுத்தமும் 41 முறை ஆடும். 1831 ஆகஸ்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். மேட்டூர் அணையின் மின்னாக்கியும் இந்த விதியில்தான் சுழல்கிறது. அங்கே கிடைப்பது மெகாவாட் கணக்கில். இங்கே வோல்ட்டின் சிறு பின்னம்.

இரும்பின் அசைவு மட்டுமே தெரியும் என்பதால் இது எல்லா வாத்தியத்துக்கும் ஒத்துவராது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கொண்ட மேற்கத்திய மாண்டலினை ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் வாத்தியமாக மாற்றிக்கொண்டார். எஃகுத் தந்தி என்பதால் காந்தப் பிக்கப் அதற்குப் பொருந்தியது. கமகத்தின் நீண்ட இழைப்புக்குத் தேவையான நீடித்த நாதமும் கிடைத்தது. வீணையில் பித்தளைத் தந்தி கட்டும் வழக்கம் உண்டு. பித்தளை காந்தத்துக்கு மசியாது. அதனால் வீணைக்காரர்கள் பெரும்பாலும் நாடுவது உடலில் ஒட்டும் கான்டாக்ட் மைக்கை. அதில் வேலை செய்வது அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகம். 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்ட அந்த விளைவு, தந்தியை விட்டுவிட்டு மரத்தின் நடுக்கத்தைக் கவனிக்கிறது.

பிக்கப்பை எங்கே வைப்பது என்பதும் பெரிய விஷயம். தந்தியின் முனை அசையாமல் நிற்க, நடுப்பகுதி அகலமாக ஆடும். ஆகவே கழுத்துப் பக்கம் வைத்த பிக்கப் அடிச்சுரத்தை நிறைய வாங்கும். தந்தி வந்து முடியும் பிரிட்ஜ் அருகே வைத்ததில் அடிச்சுரம் குறைந்து மேற்சுரங்கள் முன்னால் வரும். பிரிட்ஜிலிருந்து சரியாகக் கால் பங்கு நீளத்தில் வைத்தால், திறந்த தந்தியின் நான்கு மடங்கு மேற்சுரம் அதற்குத் தெரியவே தெரியாது. அந்த இடம் அந்த மேற்சுரத்தின் கணு, அங்கே அசைவே இல்லை. ஒரே தந்தி, ஒரே விரல். பிக்கப்பை நான்கு விரற்கடை நகர்த்தினால் வேறு குரல்.

இங்கிலாந்தின் ஹை விக்கம், நாற்காலி செய்வதற்குப் பேர் போன தச்சர்களின் ஊர். அங்கே 1970-களில் இயன் வாலரும் பீட் ஸ்டீவன்ஸும் தொடங்கிய 'வால்' பேஸ் கிதார்கள் பிக்கப் கலையின் உச்சங்களில் ஒன்று. மற்றவர்கள் நான்கு தந்திக்கும் பொதுவாகச் சுருள் வைத்தபோது, இவர்கள் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிச் சுருள்கள் சுற்றினார்கள். எந்தத் தந்தி மெலிந்து ஒலிக்கிறதோ அதை மட்டும் தூக்கிவிடலாம். கூடவே, குறிப்பிட்ட உயரத்துக்கு மேலுள்ள சுரங்களை வடித்துவிட்டு, அந்த விளிம்பை மட்டும் சற்றே எடுப்பாக்கும் மின்சுற்று ஒன்றையும் உள்ளே வைத்தார்கள். எத்தனை மேற்சுரம் போதும் என்பதை வாசிப்பவரே திருகித் தீர்மானிக்கலாம்.

பிக்கப்புக்கு ஒரு பகையும் உண்டு. அறையில் ஓடும் மின்சார ஒயர்களும் ட்ரான்ஸ்ஃபார்மர்களும் காந்தப்புலத்தை வீசிக்கொண்டே இருக்கின்றன. சுருள் அதையும் வாங்கி உம்மென்று இரையும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த தந்தியில் மூன்றாம் கட்டையை அழுத்தினால் வரும் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதன் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பு அதைப்போல் இருமடங்காக, 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கிறது. பேஸின் மெல்லிய தந்தி 98. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் அலையடிப்பு கேட்கும். இந்த இரைச்சலை அடக்கச் சுருள்களை இரண்டாக்கி, ஒன்றில் காந்தத்தையும் சுற்றையும் தலைகீழாக வைத்தார்கள். தந்தியின் சைகை இரண்டிலும் ஒரே திசையில் வருவதால் கூடும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் எதிரெதிராக வருவதால் தானே கழிந்துபோகும்.

ஹான்வெல் கடையின் நூறு வாட்

அடுத்த வேலை அந்தச் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்குவது. இங்கே காதின் ஓரவஞ்சனை குறுக்கிடுகிறது. மனிதக் காது பேச்சுக் குரலின் எல்லைக்குள் கூர்மையானது. கீழே போகப்போக மந்தமாகிவிடும். 1000 ஹெர்ட்ஸ் ஒலி அரிதாகக் கேட்கத் தொடங்கும் அளவோடு ஒப்பிட்டால், 40 ஹெர்ட்ஸ் அதே போல் அரிதாகக் கேட்க ஏறத்தாழ 50 டெசிபல் கூடுதலாக வேண்டும். ஆற்றல் கணக்கில் இது ஒரு லட்சம் மடங்கு. உரத்த ஒலியில் இந்த இடைவெளி சுருங்கும், மறையாது. ஸ்பீக்கருக்கும் சுமை அதிகம்: ஒரே அழுத்தமுள்ள ஒலியை எழுப்ப, அதிர்வெண் பாதியானால் ஸ்பீக்கர்க் காகிதம் நான்கு மடங்கு தூரம் முன்பின் ஓட வேண்டும். பேஸ் வாசிப்பவரின் பெட்டி மேடையிலேயே பெரியதாக இருப்பதற்கு இவைதாம் காரணம்.

போருக்குப் பின் டாலர் தட்டுப்பாட்டில் இருந்த பிரிட்டன் அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டிருந்தது. 1959 வாக்கில்தான் அது விலகியது. இந்தியாவில் இறக்குமதி உரிமக் காலம் 1991 வரை நீண்டது. வெளிநாட்டுக் கிதார் என்பது நம் கலைஞர்களுக்கு எட்டாக்கனியாக இருந்த காலம். கிடைக்காத பொருளைத் தானே செய்துகொள்ளும் கெட்டிக்காரத்தனம் இரண்டு நாட்டிலும் வளர்ந்தது. டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸும் டிக் டென்னியும் வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்களைச் செய்தார்கள். பின்னாளில் ஆரஞ்சு, ஹைவாட், ட்ரேஸ் எலியட், ஆஷ்டவுன் என்று வரிசை நீண்டது. நம் பக்கத்தில் 1940-இல் டெல்லியில் தொடங்கிய அகுஜா, தமிழ்நாட்டு மைக் செட் கடைகளின் செல்லப் பெயரானது.

பிரிட்டனின் கதைகளில் விசித்திரமானது மேற்கு லண்டன் ஹான்வெல்லில் நடந்தது. டிரம்ஸ் ஆசிரியர் ஜிம் மார்ஷல் அங்கே 1960-இல் வாத்தியக் கடை திறந்தார். கடைக்கு வந்த இளைஞர்கள் கேட்டது அமெரிக்க ஆம்ப்ளிஃபையர்களின் ஒலி. கையில் இருந்த காசுக்கு அவை எட்டவில்லை. கடையின் பழுதுபார்ப்பவர் கென் பிரானும், பதின்வயது தாண்டாத மின்னணுத் தொழிற்பயிற்சி மாணவர் டட்லி கிரேவனும் சேர்ந்து 1962-இல் ஒன்றைச் செய்து முடித்தார்கள். அவர்கள் முன்மாதிரியாக எடுத்தது ஃபெண்டரின் பேஸ்மேன். பெயரே சொல்வதுபோல் பேஸ் கிதாருக்கென்று செய்த பெட்டி. பாகங்களை உள்ளூரில் கிடைத்ததைக் கொண்டு மாற்றினார்கள்: பிரிட்டிஷ் ட்ரான்ஸ்ஃபார்மர், சீக்கிரமே பிரிட்டிஷ் கேடி66 வால்வு, செலஸ்டியன் நிறுவனத்தின் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள். அந்த ஸ்பீக்கர் ஒன்றால் அந்தச் சக்தியைத் தாங்க முடியாததால் நான்கை ஒரே மூடிய பெட்டியில் அடைத்தார்கள். 1965 வாக்கில் தி ஹூ குழுவினர் இன்னும் வேண்டும் என்றதும் நூறு வாட் பெட்டி பிறந்தது.

வால்வு செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பிக்குள் சூடேறிய தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் எதிர்த்தகட்டுக்குப் பாய்கின்றன. நடுவே மெல்லிய கம்பி வலை. வலையில் தரும் சிறு மின்னழுத்தம் பெரிய பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங் 1904-இல் வலையில்லாத வால்வைச் செய்தார். இரண்டாண்டு கழித்து அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் வலையைச் சேர்த்தார். தந்தியிலிருந்து வருவது உத்தரவு மட்டுமே. பந்தலை அதிர வைக்கும் ஆற்றல் முழுக்கச் சுவர் ப்ளக்கிலிருந்து, அல்லது ஜெனரேட்டரின் டீசலிலிருந்து வருகிறது.

அளவுக்கு மீறி முடுக்கினால் வால்வு திணறும். அலையின் முகடுகளைத் தட்டையாக்கிவிடும். தட்டையான அலையில் மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் புதிதாக முளைக்கும். பொறியாளர் ஏட்டில் இது பிழை. கிதார்க்காரர்கள் இதற்குத்தான் காசு கொடுத்தார்கள். பேஸ்காரர்களுக்கும் இதனால் ஒரு லாபம் இருந்தது. காதுக்குள் நுழைந்த பிறகே அது புரியும்.

சென்னைக்கு வந்த பேஸ்

தமிழ்த் திரையிசையில் பேஸ் கிதார் தனக்கென்று ஒரு பேச்சைப் பெற்றது 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவின் காலத்தில். அவரே கிதார் கலைஞர்; லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரக்குறிப்பு எழுதிக் கொடுக்கும் வழக்கமுள்ளவர். பொதுவாக பேஸ் கிதார் தாளத்தோடு ஒட்டி ஆதார சுரத்தை அழுத்திக்கொண்டே போகும். இவர் எழுதியதில் அது பாட்டின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக நடக்கும்: பாடகர் ஏறும்போது இறங்கும், பாடகர் மூச்சு வாங்கும்போது பதில் சொல்லும். 1980-இல் வந்த 'என் இனிய பொன் நிலாவே', 1982-இல் வந்த 'இளைய நிலா பொழிகிறதே', 'பனி விழும் மலர் வனம்' ஆகிய பாடல்களைப் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் இது விளங்கும். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். பிறகு ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் அந்த இடத்தில் கீத் பீட்டர்ஸ் வந்தார்.

இங்கே ஒரு புதிர். 1980-களில் அந்தப் பாட்டுகளைத் தமிழ்நாடு எதில் கேட்டது? இலங்கை வானொலியைப் பிடித்த டீக்கடை ரேடியோவில், டேப் ரெக்கார்டரில், கல்யாண வீட்டுக் கூம்பு ஒலிபெருக்கியில். உள்ளங்கை அகல ரேடியோ ஸ்பீக்கர் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய செயலற்றது. தென்னை மரத்தில் கட்டிய 'குழாய்' அதைவிட மோசம். தாழ்ந்த சுரத்தை அனுப்ப அதன் வாய் சில மீட்டர் அகலம் இருந்தாக வேண்டும். நாற்பதும் ஐம்பதுமான அதிர்வெண்கள் அவற்றிலிருந்து வெளியே வந்திருக்கவே முடியாது. ஆனாலும் கேட்டவர்கள் பேஸின் நடையை வாயால் முணுமுணுத்தார்கள், தொடையில் தட்டினார்கள்.

இல்லாத சுரத்தைக் கேட்கும் காது

41 ஹெர்ட்ஸ் தந்தியின் மேற்சுரங்களில் 82-ஐயும் 123-ஐயும் ரேடியோ விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 165, 206, 247, 288 மட்டும் வெளியே வருகின்றன. இவற்றின் இடைவெளி எங்கும் 41. இவை நான்கும் கூடிய அலை தன் வடிவத்தை நொடிக்கு 41 முறை திருப்பி எழுதுகிறது. இந்த வரிசை முழுக்க எதன் மடங்காக இருக்க முடியும் என்று மூளை கணக்குப் போடுகிறது. விடை 41. உடனே அந்தச் சுரத்தையே நமக்குக் கேட்கச் செய்கிறது.

தொலைபேசி இதற்கு அன்றாடச் சாட்சி. பழைய தொலைபேசி இணைப்பு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆணின் பேச்சுக் குரலின் அடிச்சுரம் நூறு, நூற்றிருபது அளவில் இருக்கும். அப்பாவின் குரல் தொலைபேசியில் அம்மாவின் குரலாக மாறிவிடவில்லையே.

இந்த விளைவைச் சுற்றி ஒரு நூற்றாண்டுச் சண்டை நடந்தது. 1840-களில் ஆகஸ்ட் ஸேபெக் துளையிட்ட தட்டைச் சுழற்றிக் காற்றை ஊதி, அடிச்சுரம் மிகப் பலவீனமாக இருந்தாலும் காது அதையே பலமாகக் கேட்கிறது என்றார். இல்லாத அதிர்வெண் கேட்காது என்று மறுத்தார் இன்னொருவர். மின்தடைக்குத் தன் பெயரைக் கொடுத்த அதே ஓம். அப்புறம் ஒரு சமாதானம் பேசப்பட்டது: காதின் உறுப்புகளே திணறி, வால்வைப் போல, வித்தியாசச் சுரத்தை உண்மையிலேயே உற்பத்தி செய்கின்றன என்றார்கள். 1954-இல் அமெரிக்காவில் லிக்லைடர் இதைச் சோதித்தார். தாழ்ந்த சுரம் காதுக்குள் உண்மையிலேயே பிறந்தால், தாழ்ந்த இரைச்சலைச் சேர்த்து அதை மூழ்கடிக்க முடிய வேண்டும். சேர்த்துப் பார்த்தார், சுரம் மூழ்கவில்லை. 1972-இல் ஹௌட்ஸ்மாவும் கோல்ட்ஸ்டீனும் ஒரு மேற்சுரத்தை இடக்காதுக்கும் இன்னொன்றை வலக்காதுக்கும் தனித்தனியே கொடுத்தார்கள். எந்தக் காதுக்குள்ளும் இரண்டும் கலக்க வழியில்லை. அப்போதும் இல்லாத அடிச்சுரம் கேட்டது. கணக்கு நடக்கும் இடம் இரு காதுச் செய்திகளும் சந்திக்கும் மூளைதான் என்பது உறுதியானது.

கணக்குச் சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு: மேற்சுரங்கள் முழு எண் மடங்குகளாக இருக்க வேண்டும். வட்டத் தோலைத் தட்டினால் இயல்பாக அப்படி வராது; சாதாரண முரசுக்குச் சத்தம் உண்டு, சுரம் கிடையாது. மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது என்று கல்கத்தாவில் ஆராய்ந்தார் சி. வி. ராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் விடை எழுதினார். வலந்தலையின் நடுவே பூசும் கரணை, தோலின் எடையை நடுவில் கூட்டி, தாறுமாறான மேற்சுரங்களை முழு எண் வரிசைக்கு இழுத்து வருகிறது. கரணை இட்ட கைவினைஞருக்கு அந்தச் சமன்பாடு தெரியாது. காது சொன்னபடி அரைத்து, பூசி, தேய்த்து, மறுபடி பூசினார். எஃகு உள்கம்பியின்மேல் நிக்கல் கம்பியைச் சுற்றியவர்களும் அதே இலக்கைத்தான் துரத்தினார்கள்.

வால்வின் பிழை பேஸுக்குச் செய்த உதவியும் இப்போது விளங்கும். முகடு தட்டையான 41 ஹெர்ட்ஸ் அலையில் முளைக்கும் புதிய மேற்சுரங்களும் 41-இன் முழு மடங்குகளே. மூளையின் கணக்குக்கு அவை கூடுதல் துப்பு. ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் பேஸ் தடத்துக்கு வேண்டுமென்றே கொஞ்சம் வால்வுக் கரகரப்பைச் சேர்க்கிறார்கள். கைப்பேசியின் விரல்நுனி ஸ்பீக்கரிலும் பேஸ் எட்ட வேண்டும் என்பதே நோக்கம்.

சோதித்துப் பார்க்கச் செலவில்லை. 'பனி விழும் மலர் வனம்' பாடலை முதலில் கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேளுங்கள், அடுத்து நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஹெட்ஃபோனில் பேஸ் கனமாகும், வயிறு நிறையும். ஆனால் அது பாடும் சுரங்கள் இரண்டிலும் ஒன்றே. கனத்தைத் தர எட்டரை மீட்டர் அலை வேண்டும்; அதற்குப் பெரிய பெட்டியும் நூறு வாட்டும் வேண்டும். சுரத்தைத் தர மேற்சுரங்களே போதும். ஆகவே தந்தி சுற்றுபவரும், சுருள் சுற்றுபவரும், கரணை இடுபவரும் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்றுதான். அடிச்சுரத்தை ஸ்பீக்கர் தவறவிட்டால் காது தானே நிரப்பிக்கொள்ளும். மேற்சுரங்களின் கணக்குப் பிசகினால் அதை நிரப்ப எந்தக் காதாலும் ஆகாது.